பிராங்க்ளின் பெயரில் ஒரு பதக்கம்

மனவசியத்தின் கதை – 12

1976 ஜூலை. அமெரிக்கா தன் விடுதலைப் பிரகடனத்தின் 200ஆம் ஆண்டைக் கொண்டாடிக்கொண்டிருந்த மாதம். அந்தப் பிரகடனம் பிறந்த பிலடெல்ஃபியா நகரத்தில், உலகின் பல நாடுகளிலிருந்து ஹிப்னாடிச ஆய்வாளர்களும் அதைச் சிகிச்சையில் பயன்படுத்தும் மருத்துவர்களும் மாநாட்டுக்காகக் கூடியிருந்தார்கள். சர்வதேச ஹிப்னாடிசச் சங்கம் தன்னுடைய மிக உயர்ந்த விருதான தங்கப் பதக்கத்தை அந்த ஆண்டு மில்டன் எரிக்சன் என்ற மனநல மருத்துவருக்கு வழங்கியது. எரிக்சனுக்கு வயது 74. அரிசோனா மாநிலத்து ஃபீனிக்ஸ் நகரில், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி, தேடிவந்த மாணவர்களுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொண்டிருந்தவர்.

அந்தப் பதக்கத்தின் பெயர் பெஞ்சமின் பிராங்க்ளின் பதக்கம். இந்தத் தொடரை முதலிலிருந்து படித்து வருகிறவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றும். ஹிப்னாடிசத்தின் முன்னோடியான மருத்துவர் மெஸ்மர், நோய் தீர்க்கும் சக்தி என்று சொன்ன ‘உயிர்க்காந்தம்’ என்ற ஒன்றே கிடையாது என்று 1784இல் தீர்ப்பெழுதிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் இதே பிராங்க்ளின்தான். மெஸ்மரின் வழிவந்தவர்கள் தங்கள் குலத்தின் மிகப் பெரிய மரியாதைக்கு, மெஸ்மரை வீழ்த்தியவரின் பெயரை ஏன் வைத்தார்கள்? இந்த அத்தியாயம் அதைப் பற்றியது.

மெஸ்மர் அத்தியாயத்தில் ஓரிரு வரிகளில் கடந்துவந்த ஒரு சோதனையை இப்போது கிட்டப்போய்ப் பார்க்கலாம். பாரிசுக்குப் பக்கத்தில் பாஸி என்ற ஊர். அமெரிக்கத் தூதராகப் பிரான்சில் இருந்த பிராங்க்ளின் அங்கேதான் குடியிருந்தார். வயது 78. உடல்நலம் சரியில்லாததால், மன்னர் பதினாறாம் லூயி நியமித்த விசாரணைக் குழு அவருடைய வீட்டைத் தேடி வந்தது. நவீன வேதியியலின் தந்தை லவாய்சியர், வானியலாளர் பெய்லி போன்றவர்கள் அதில் உறுப்பினர்கள். மெஸ்மர் ஒத்துழைக்க மறுத்துவிட்டார். அவருடைய சீடரான டெஸ்லோன் என்ற மருத்துவர் முன்வந்தார். காந்தம் ஏற்றிய மரத்தைத் தொட்டால் எளிதில் வசப்படும் உடல்வாகு கொண்டவர்களுக்கு உணர்வு மாறும் என்பது டெஸ்லோனின் வாதம். அப்படிப்பட்ட 12 வயதுச் சிறுவன் ஒருவனை அவரே தேர்ந்தெடுத்து அழைத்துவந்தார்.

தோட்டத்தில் ஓர் ஆப்ரிகாட் பழ மரத்துக்கு டெஸ்லோன் காந்தம் ஏற்றினார். எந்த மரம் என்று சிறுவனுக்குத் தெரியாது. கண்ணைக் கட்டி அவனை அழைத்துவந்து, காந்தம் ஏற்றப்படாத நான்கு மரங்களை ஒவ்வொன்றாகக் கட்டிப்பிடிக்கச் சொன்னார்கள். முதல் மரத்திலேயே அவனுக்கு வியர்த்தது, இருமினான், தலை வலிக்கிறது என்றான். இரண்டாவது மரத்தில் மயக்கம் கூடியது. மூன்றாவதில், காந்த மரத்தை நெருங்கிவிட்டேன் என்று சொன்னான். உண்மையில் அது 38 அடி தள்ளி இருந்தது. நான்காவது மரத்தில் கை கால் விறைத்து நினைவிழந்து விழுந்தான். புல்தரையில் தூக்கிக் கிடத்தி டெஸ்லோன்தான் தெளியவைக்க வேண்டியிருந்தது. காந்த மரம் அப்போதும் 24 அடிக்கு அப்பால் நின்றது.

எல்லா மரங்களிலும் இயற்கையாகவே கொஞ்சம் காந்தம் இருக்கும் என்று டெஸ்லோன் சமாளித்தார். அப்படியானால் அந்தச் சிறுவன் எந்தத் தோட்டத்திலும் நடமாடவே முடியாதே என்று குழு திருப்பிக் கேட்டது. காந்தம் என்று எதுவும் இல்லை, நடந்ததெல்லாம் கற்பனையின் வேலை என்று ஆகஸ்டில் அறிக்கை வெளிவந்தது.

கண்ணைக் கட்டி, உண்மையான பொருளையும் போலியையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்ப்பது இன்று எல்லா மருந்துச் சோதனைகளின் அடித்தளம். அதன் மிகப் பழைய முன்மாதிரிகளில் ஒன்று பாஸித் தோட்டத்தில் நடந்தது. அதற்காகவே பிராங்க்ளின் குழுவுக்குப் பெருமை உண்டு. ஆனால் அந்த அறிக்கையின் பாதியைத்தான் உலகம் எடுத்துக்கொண்டது என்பது என் எண்ணம். ‘வெறும் கற்பனை’ என்று சொல்லிக் கோப்பை மூடினார்கள். வெறும் கற்பனை ஒரு பிள்ளையின் கை கால்களை விறைக்கச் செய்யுமா, நினைவிழக்கச் செய்யுமா என்ற அடுத்த கேள்வியை யாரும் தொடரவில்லை. கற்பனையால் நடக்கும் வைத்தியமே சிறந்த வைத்தியம் என்றால் அதையே ஏன் செய்யக் கூடாது என்று டெஸ்லோன் முன்பே கேட்டிருந்தார். அந்தக் கேள்விக்கு ஆய்வுக்கூடத்திலிருந்து பதில் வர ஏறக்குறைய 170 ஆண்டுகள் ஆயின.

இடைப்பட்ட காலத்தை ஏற்கெனவே பார்த்துவிட்டோம்: கோவாவிலிருந்து பாரிஸ் போன பாதிரியார் ஃபாரியா, ஹூக்ளியில் மயக்க மருந்தில்லாமல் அறுவை சிகிச்சை செய்த எஸ்டெயில், மான்செஸ்டரின் பிரெய்டு, பாரிசின் ஷார்கோ, ஹிப்னாடிசத்தை எடுத்துக் கையாண்டு பிறகு கைவிட்ட ஃபிராய்டு. இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது பல்கலைக்கழகங்களில் இதற்கு மதிப்பில்லை. மேடை வித்தைக்காரர்களின் கைக்குப் போய்விட்டிருந்தது. அமெரிக்காவில் கிளார்க் ஹல் என்ற உளவியலாளர் முறையான சோதனைகளைச் செய்து 1933இல் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். ஆனால் அவர் பணியாற்றிய யேல் பல்கலைக்கழகத்தின் மருத்துவத் தரப்பு எதிர்த்ததால் அந்த ஆய்வு அதோடு நின்றது.

அதே ஆண்டுகளில் அதே யேலில் ஓர் இளம் ஆசிரியர் இருந்தார். ஹல் செய்வதைப் பார்த்தார், அதில் சேரவில்லை. பெயர் எர்னஸ்ட் ஹில்கார்ட். முதலில் வேதிப் பொறியியல் படித்துவிட்டு உளவியலுக்கு வந்தவர். 1933இல் கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குப் போனார். கற்றல் கோட்பாடுகள் பற்றி அவர் எழுதிய நூல் ஒரு தலைமுறைக்கே பாடநூலாக இருந்தது. 1949இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவர். ஒரு பேராசிரியருக்கு வேண்டிய எல்லாம் கிடைத்துவிட்டன.

அதன் பிறகு, 1957இல், தன் 53ஆம் வயதில் ஸ்டான்ஃபோர்டில் ஹிப்னாடிச ஆய்வுக்கூடம் தொடங்கினார். சேர்த்துவைத்த நற்பெயர் முழுவதையும் அவர் அதன்மேல் பந்தயம் வைத்தார் என்றே சொல்வேன். இளம் ஆய்வாளர் ஒருவர் அன்று இதைத் தொட்டிருந்தால் வேலை கிடைப்பதே கஷ்டம். ஹில்கார்ட் தொட்டபோது, இவர் ஏன் இதில் இறங்குகிறார் என்று மற்றவர்கள் யோசிக்கத் தொடங்கினார்கள்.

அவர் முதலில் கேட்டது மிகச் சாதாரணமான கேள்வி: யாருக்கு ஹிப்னாடிசம் எவ்வளவு பலிக்கிறது? ஆந்த்ரே வைட்சன்ஹோஃபர் என்ற சக ஆய்வாளரோடு சேர்ந்து 1959இல் ‘ஸ்டான்ஃபோர்டு அளவுகோல்’ உருவாக்கினார். மொத்தம் 12 சோதனைகள். கண் தானாக மூடுகிறதா? கை கனத்துத் தாழ்கிறதா? கோத்த விரல்களைப் பிரிக்க முடியாமல் போகிறதா? தலையைச் சுற்றி ஒரு ஈ பறப்பதாகச் சொன்னால் விரட்டுகிறாரா? 1962இல் வந்த அடுத்த வடிவம் இன்னும் கடினமானது. அமோனியாவை மூக்கருகே நீட்டி, வாசனை வராது என்று சொல்வார்கள். எதிரே மூன்று பெட்டிகளை வைத்துவிட்டு, இரண்டுதான் இருக்கின்றன என்பார்கள். சிலர் அமோனியாவை முகர்ந்தும் முகம் சுளிக்காமல் இருந்தார்கள். மூன்றாவது பெட்டியைக் காணவில்லை என்று சொன்னார்கள். பெரும்பாலோர் சில சோதனைகளில் வசப்பட்டு, சிலவற்றில் வசப்படாமல் நடுவில் நின்றார்கள். ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குக் கிட்டத்தட்ட எல்லாமே பலித்தது. அதே அளவுக்குச் சிலருக்கு எதுவுமே பலிக்கவில்லை.

வசியம் என்பது செய்பவரின் கண்ணிலோ குரலிலோ இருக்கிற சக்தி என்ற நெடுநாள் நம்பிக்கையை இந்த அளவுகோல்தான் உடைத்தது. எழுதிவைத்த ஒரே வாசகத்தை யார் படித்தாலும், பலிக்கிறவருக்குப் பலிக்கிறது. திறமை உட்கார்ந்திருப்பவரிடம் இருக்கிறது. இந்தத் திறமை ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறதா என்று பார்க்க, பழைய மாணவர்கள் 50 பேரை 25 ஆண்டுகள் கழித்து மறுபடியும் சோதித்தார்கள். 1989இல் வெளியான அந்த முடிவின்படி, முதல் மதிப்பெண்ணுக்கும் கால் நூற்றாண்டுக்குப் பிந்தைய மதிப்பெண்ணுக்கும் உள்ள ஒட்டுறவு (correlation) 0.71. ஆளுமையின் மற்ற கூறுகளை அளக்கும் பல தேர்வுகளுக்குக்கூட இவ்வளவு உறுதி கிடைப்பது அரிது.

ஆனால் ஹில்கார்டின் பெயரைப் பாடநூல்களில் நிலைக்கச் செய்தது வகுப்பறையில் எதிர்பாராமல் நடந்த ஒரு நிகழ்ச்சி. பார்வையற்ற மாணவர் ஒருவரை ஹிப்னாடிச நிலைக்குக் கொண்டுசென்று, இனி உங்களுக்கு எதுவும் கேட்காது என்று சொல்லியிருந்தார். காதருகே மரக்கட்டைகளைப் பலமாகத் தட்டியும் அவர் அசையவில்லை. இவருக்கு நிஜமாகவே கேட்கவில்லையா என்று வகுப்பில் ஒருவர் சந்தேகம் எழுப்பினார். ஹில்கார்ட் தாழ்ந்த குரலில் அந்தப் பார்வையற்ற மாணவரிடமே பேசினார்: உங்களுக்குள் ஏதோ ஒரு பகுதிக்கு என் குரல் கேட்கிறது என்றால், ஆள்காட்டி விரலை உயர்த்துங்கள். விரல் உயர்ந்தது. அடுத்த கணமே அந்த மாணவர், என் விரல் தானாக எழுந்ததே, நீங்கள் என்ன செய்தீர்கள், எனக்குக் காது கேட்கும்படி செய்துவிட்டு விளக்கம் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

‘மறைந்திருக்கும் பார்வையாளர்’ என்று ஹில்கார்ட் பெயரிட்டது இதைத்தான். பிறகு வலியை வைத்துச் சோதித்தார். பனிக்கட்டி மிதக்கும் நீரில் முழங்கை வரை கையை அமிழ்த்தினால் சில நொடிகளில் வலி ஏறும். ஒரு நிமிடத்துக்குள் சகிக்க முடியாது. வலிக்காது என்று ஹிப்னாடிச நிலையில் சொல்லப்பட்டவர் நிம்மதியாக உட்கார்ந்து, வலி பூஜ்யம் என்றார். பார்வைக்கு மறைத்து வைத்திருந்த அவருடைய மறுகையோ தன்போக்கில் எண்களை எழுதிக்கொண்டே போனது; வலியைக் குறிக்கும் அந்த எண்கள் கூடிக்கொண்டே இருந்தன. மனம் ஒரே அறை கொண்ட வீடாக இருந்தால் இது எப்படி நடக்கும்? 1977இல் வெளியான ‘பிளவுண்ட பிரக்ஞை’ என்ற நூலில் இதையே ஒரு முழுக் கோட்பாடாக வளர்த்தெடுத்தார்.

எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. கனடாவின் நிக்கோலஸ் ஸ்பேனோஸ் அதே சோதனையை வேறு வார்த்தைகளில் அறிவுறுத்தி நடத்தினார். மறைந்திருப்பவர் கூடுதல் வலியைச் சொல்லும்படியும் செய்ய முடிந்தது; குறைவான வலியைச் சொல்லும்படியும் செய்ய முடிந்தது. ஆய்வாளர் எதை எதிர்பார்க்கிறார் என்று உட்கார்ந்திருப்பவர் புரிந்துகொண்டு நடக்கிறார், உள்ளே தனியாக யாரும் இல்லை என்பது ஸ்பேனோஸ் தரப்பு. இந்த வழக்கு இன்னும் முடியவில்லை. ஹில்கார்டின் சோதனைகளை எவராலும் திரும்பச் செய்துபார்க்க முடிந்தது என்பதால்தான் இவ்வளவு நேர்த்தியாக அவரை மறுக்கவும் முடிந்தது. மெஸ்மரை இப்படி மறுத்திருக்க முடியாது.

ஹில்கார்டின் மனைவி ஜோசஃபினைப் பற்றி இங்கே நின்று சொல்ல வேண்டும். பல நூல்கள் அவரை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. யேலில் உளவியல் முனைவர் பட்டம் பெற்று, பிறகு மருத்துவமும் படித்து மனநல மருத்துவரானவர். கணவரின் அளவுகோல் யாருக்குப் பலிக்கிறது என்று சொன்னது; ஏன் பலிக்கிறது என்று தேடியவர் ஜோசஃபின். மாணவர்களோடு மணிக்கணக்கில் உட்கார்ந்து அவர்களுடைய பிள்ளைப் பருவத்தைக் கேட்டார். கதைப் புத்தகத்தில் தன்னை மறந்து மூழ்கும் பிள்ளை, நாடகத்தில் வேடமேற்று அந்தப் பாத்திரமாகவே மாறும் பிள்ளை, இயற்கைக் காட்சியில் கரையும் பிள்ளை – இவர்கள்தான் வளர்ந்ததும் எளிதில் ஹிப்னாடிச நிலைக்குப் போகிறவர்கள் என்று 1970இல் எழுதினார். முதிய வயதில், சாமுவேல் லெபரான் என்ற சக ஆய்வாளரோடு சேர்ந்து, புற்றுநோய் வந்த குழந்தைகளிடம் இந்தக் கண்டுபிடிப்பைக் கொண்டுபோனார். எலும்பு மஜ்ஜை எடுக்க இடுப்பெலும்பில் ஊசி இறங்கும்போது அந்தப் பிள்ளைகள் படும் வேதனையை, அவர்களுடைய கற்பனைத் திறமையைக் கொண்டே குறைத்தார். அந்த நூல் 1984இல் வந்தது. பாஸித் தோட்டத்தில் விழுந்த அந்தச் சிறுவனின் கற்பனை ஒரு மோசடிக்குச் சான்றாகப் பதிவானது; இந்தப் பிள்ளைகளின் கற்பனை அவர்களுக்கே மருந்தானது. வாழ்நாள் சாதனை என்று நான் எண்ணும்போது முதலில் நினைவுக்கு வருவது இந்தப் பெண்மணிதான்.

ஹில்கார்டுக்கு இணையாக நிற்கும் இன்னொருவர் மார்ட்டின் ஆர்ன். 1927இல் வியன்னாவில் பிறந்து, 1938இல் குடும்பத்தோடு அமெரிக்காவுக்கு வந்தவர். ஹிப்னாடிச நிலையில் இல்லாத ஒருவர் செய்ய மறுக்கும் ஒரு வேலையைக் கண்டுபிடிக்க விரும்பினார் ஆர்ன். ஆளைக் கூட்டிவந்து, தாள் தாளாக எண்களைக் கூட்டச் சொன்னார். மணிக்கணக்கில் கூட்டினார்கள். கூட்டி முடித்த தாளைத் துண்டு துண்டாகக் கிழித்துப்போட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள் என்றார். அதையும் சலிக்காமல் செய்தார்கள். ஆய்வாளர் சொல்கிறார், ஏதோ காரணம் இருக்கும் என்பதுதான் அவர்கள் நினைப்பு. ஆய்வுக்கூடத்துக்குள் காலெடுத்துவைத்த மனிதர், அங்கே தன்னிடம் என்ன எதிர்பார்க்கப்படுகிறது என்பதை மோப்பம் பிடித்து அதன்படி நடக்கிறார் என்று ஆர்ன் காட்டினார். ஹிப்னாடிசத்தைத் தாண்டி, மனிதர்களை வைத்து நடக்கும் எல்லா ஆய்வுகளுக்குமான எச்சரிக்கை இது.

அதனால்தான் ஆர்ன் தன் சோதனைகளில் நடிகர்களைச் சேர்த்தார். பாதிப் பேர் உண்மையில் ஹிப்னாடிச நிலைக்குப் போனவர்கள். மீதிப் பேர் அப்படிப் போனதாக நடிக்கச் சொல்லப்பட்டவர்கள். யார் யார் என்று சோதிப்பவருக்குத் தெரியாது. காலியான நாற்காலியில் இன்னார் உட்கார்ந்திருப்பதாகச் சொல்லிவிட்டு, நிஜமான அதே ஆளைப் பின்னாலிருந்து காட்டுவார்கள். உண்மையில் ஹிப்னாடிச நிலையில் இருந்தவர்களில் பலர், இருவரையும் பார்க்கிறேன் என்று பதற்றமில்லாமல் சொன்னார்கள். நடித்தவர்கள் அந்த முரண்பாட்டை ஒப்புக்கொள்ளத் தயங்கினார்கள்.

இந்த உத்தி 1979இல் ஒரு கொலை வழக்கில் உதவியது. லாஸ் ஏஞ்சலஸ் பகுதியைக் கலங்கடித்த தொடர்கொலைகளில் கைதான கென்னத் பியாங்கி, ஹிப்னாடிச நிலையில் தனக்குள் இன்னொரு ஆளுமை வெளிப்படுவதாகக் காட்டினான். சில நிபுணர்கள் நம்பினார்கள். ஆர்ன் அவனிடம், உன் வழக்கறிஞர் இதோ உட்கார்ந்திருக்கிறார் என்று காலி நாற்காலியைக் காட்டினார். பியாங்கி எழுந்து அந்த வெற்றிடத்தோடு கைகுலுக்கினான். அங்கே ஆள் இருப்பதை மற்றவர்களும் பார்க்க வேண்டும் என்பதுபோல் பேசினான். அளவுக்கு மீறிய நடிப்பு. வழக்கமாக இரண்டுக்கு மேற்பட்ட ஆளுமைகள் இருக்குமே என்று ஆர்ன் அவன் காதுபட ஒரு தூண்டில் போட்டார். சீக்கிரமே மூன்றாவதும் வந்துசேர்ந்தது. பைத்தியம் என்று தப்பிக்கும் வழி அடைபட்டது. அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான்.

ஹிப்னாடிசம் செய்தால் மறந்த ஞாபகங்கள் அப்படியே திரும்ப வரும் என்று போலீசார் நம்பிய காலம் அது. வருவது ஞாபகமா, தூண்டப்பட்ட கற்பனையா என்று சாட்சிக்கே தெரியாமல் போகும், அதோடு அவருடைய உறுதியும் கூடிவிடும் என்று ஆர்ன் விடாமல் எழுதினார். ஹிப்னாடிசத்துக்கு உட்பட்ட சாட்சியின் வாக்குமூலத்தை 1982இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் கட்டுப்படுத்தியது. தன் துறை எங்கே பயன்படாது என்று சொல்லித் தன் துறையைக் காப்பாற்றியவர் ஆர்ன். இந்தத் துறையின் முதன்மை ஆய்விதழை ஏறத்தாழ 30 ஆண்டுகள் நடத்தியவரும் அவரே.

இனி எரிக்சன். 17 வயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கிப் படுத்த படுக்கையானவர். அசைய முடியாமல் கிடந்தபோது, அப்போதுதான் நடை பழகிக்கொண்டிருந்த தன் குட்டித் தங்கை எப்படிக் கால் ஊன்றுகிறாள், எப்படி எடையை மாற்றுகிறாள் என்று உற்றுக் கவனித்து, அதையே நினைத்து நினைத்துத் தன் கால்களை மறுபடி பழக்கினார் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். மாணவப் பருவத்தில் ஹல்லின் வகுப்பில் இருந்தவர்; ஆனால் எல்லோருக்கும் ஒரே வாசகம் என்ற ஹல்லின் வழியை ஏற்க மறுத்தார். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு தனிக் கதை, தனிச் சொல், தனி வழி. ஸ்டான்ஃபோர்டு அளவுகோலில் பூஜ்யம் வாங்குகிறவரையும் சரியான வழியில் அணுகினால் கொண்டுவர முடியும் என்பது அவருடைய நம்பிக்கை. 1957இல் மருத்துவர்களுக்கென்று தனியாக ஒரு சங்கத்தையே தொடங்கினார். ஆய்வுக்கூடத்தாருக்கும் சிகிச்சை செய்பவர்களுக்கும் இடையே ஒரு விரிசல் அப்போதே விழுந்துவிட்டது.

இந்தச் சண்டையில் என் சாய்வு ஹில்கார்ட் பக்கம். எரிக்சனின் சிகிச்சைக் கதைகள் மனதை அள்ளுகின்றன; ஆனால் அவற்றைத் திரும்பச் செய்து பார்க்க இன்னொரு எரிக்சன் வேண்டும். அதே சமயம், 1955இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கமும் 1958இல் அமெரிக்க மருத்துவச் சங்கமும் ஹிப்னாடிசத்துக்கு மருத்துவத்தில் இடமுண்டு என்று ஒப்புக்கொண்டதற்கு, எரிக்சன் போன்று தினமும் நோயாளியின் முன் உட்கார்ந்தவர்களின் உழைப்பும் காரணம் என்பதை மறுக்க முடியாது. 1984இல் மான்செஸ்டரில் பீட்டர் வோர்வெல் தீராத குடல் எரிச்சல் நோயாளிகள் 30 பேரைக் கொண்டும், 2000இல் அமெரிக்காவில் எல்விரா லாங் 241 பேரைக் கொண்டும் முறையான ஒப்பீட்டுச் சோதனைகள் நடத்தி இதன் பலனை நிறுவியபோது, இரண்டு பாசறைகளும் ஒன்றாயின. கேள்வி நோயாளியின் படுக்கையிலிருந்து வந்தது. விடை காணும் முறை ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது.

எரிக்சனைக் கௌரவிக்க 1980 டிசம்பரில் ஃபீனிக்சில் பெரிய மாநாடு ஒன்றை ஏற்பாடு செய்திருந்தார்கள். அவர் அந்த ஆண்டு மார்ச் 25 அன்று காலமானார். மாநாடு குறித்தபடி நடந்தது. சுமார் 2,000 பேர் வந்தார்கள். ஹில்கார்ட் 2001இல், தன் 97ஆம் வயதில் மறைந்தார். அதற்கு முந்தைய ஆண்டு ஆர்ன். ஜோசஃபின் 1989இலேயே போய்விட்டார்.

பிராங்க்ளின் பெயர் அந்தப் பதக்கத்துக்குப் பொருத்தமானதா? முழுக்கப் பொருத்தம் என்பது என் தீர்ப்பு. மெஸ்மரின் பெயரை வைத்திருந்தால் அது ஒரு கூட்டத்தின் பதக்கமாக இருந்திருக்கும். சிறுவனின் கண்ணைக் கட்டிச் சோதித்தவரின் பெயரை வைத்ததால்தான் அது ஓர் அறிவியலின் பதக்கம்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். முற்பிறவியைக் காட்டுகிறோம், மறந்ததையெல்லாம் நினைவுக்குக் கொண்டுவருகிறோம், ஒரே அமர்வில் எந்த நோயையும் தீர்க்கிறோம் என்று ஹிப்னாடிசத்தின் பெயரால் யாராவது விளம்பரம் செய்தால், பணத்தைக் கட்டும் முன் மார்ட்டின் ஆர்னை நினைத்துக்கொள்ளுங்கள். சிகிச்சை தேவைப்பட்டால், அந்த நோய்க்கான முறையான மருத்துவப் பயிற்சியோடு ஹிப்னாடிசத்தையும் கற்றவரிடம் மட்டும் போங்கள்.

பெல்ஜியத்தின் லியேஜ் நகர மருத்துவமனையில், முழு மயக்கம் கொடுக்காமல் ஹிப்னாடிசத்தின் துணையோடு ஆயிரக்கணக்கான அறுவை சிகிச்சைகளுக்கு வழிசெய்த மயக்கவியல் நிபுணர் ஃபேமோன்வில் பற்றி அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

(தொடரும்)